மூன்று அங்குலம்

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. உயரம் நாலேமுக்கால் அடி, பெயரும் அதுவே. அவளும் "நாலேமுக்கால்" என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். பத்தொன்பது வருடமாக இழப்பீட்டு விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நாளொன்றுக்கு அறுபது. ஒன்று குறைந்ததில்லை.

கை வேகத்துக்குக் காரணம் கால். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கால் தரைக்கு எட்டாமல் அந்தரத்தில் ஆடுவதைப் பார்த்த அலுவலகத் தச்சர், அவளுடைய மேசைக் கால்களிலும் நாற்காலிக் கால்களிலும் மூன்று அங்குலம் அறுத்துக் கொடுத்தார். அனுமதி கேட்டிருந்தால் இன்றைக்கும் கோப்பு சுற்றிக்கொண்டிருக்கும். கேட்கவில்லை, வேலை முடிந்தது.

இந்த வருடம் மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது. ஊழியர் வசதியாக உட்கார்ந்தால் வேலை பெருகும் என்று எங்கேயோ படித்துவிட்டார்கள். வடிவமைப்பாளர் ஒருவர் அளவுநாடாவோடு வந்து இறங்கினார். ஏழு அதிகாரிகளை நிற்க வைத்து அளந்தார், உட்கார வைத்து அளந்தார், முழங்காலிலிருந்து குதிகால் வரை அளந்தார். அளவுகளைக் குறித்த தாள் தட்டச்சுக்கு நாலேமுக்காலிடம் வந்தது. தலைப்பு, 'ஊழியரின் சராசரி உடலமைப்பு'. ஏழு பேரும் ஆண்கள், ஏழு பேரும் நெட்டை.

அவள் நேரே மேலாளரிடம் போனாள்.

"சார், எங்களை எப்ப அளப்பீங்க?"

"நீங்கல்லாம் வேலையா இருக்கீங்கம்மா. எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டோம்."

வேலை இல்லாதவர்களை அளந்து வேலை செய்கிறவர்களுக்கு நாற்காலி போடும் விஞ்ஞானத்தை அன்றைக்குத்தான் அவள் கண்ணால் கண்டாள்.

புது மேசைகளும் நாற்காலிகளும் வந்தன. பழையவை கொல்லைப்பக்கக் குவியலுக்குப் போயின. ஏற்றி இறக்கும் நாற்காலி வாங்கக்கூடாதா என்று அவள் கேட்டதற்கு, ஆளுக்கொரு உயரமாக இருந்தால் வாசலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வரிசை கோணலாகத் தெரியும் என்றார் வடிவமைப்பாளர். உட்காருகிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்பது அவருடைய பாடத்தில் இல்லை. நாலேமுக்கால் காலுக்கடியில் காகிதக் கட்டு ஒன்றை வைத்துக்கொண்டாள். மேசைக்கடியில் எந்தப் பொருளும் இருக்கக்கூடாது என்று மறுநாளே சுற்றறிக்கை வந்தது.

வீட்டில் அவள் முதுகுவலியோடு சுவரைப் பிடித்து நடப்பதைப் பார்த்த கணவர், காரணத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். அவர் பேருந்து ஓட்டுநர்.

"நான் ஓட்டுறது ஓட்டை வண்டி. அதுலயே சீட்டை ஏத்தி இறக்க ஒரு கம்பி இருக்கு. உங்க பெரிய மனுஷங்களை ஒரு நாள் என் வண்டியில வந்து பாக்கச் சொல்லு."

அறுபது நாற்பத்தொன்றானது. ஓலை வந்தது: எல்லா வசதியும் செய்து கொடுத்த பிறகும் உழைப்பில் குறைவு காணப்படுவதால் ஒரு மாத அவகாசம், தேறாவிட்டால் கீழ்த்தளப் பதிவறைக்கு மாற்றம். அங்கே நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்க வேண்டும். இந்த முதுகோடு ஏணியா என்று நினைத்தாலே அவளுக்கு வியர்த்தது.

மாதம் முடிய நாலு நாள் இருந்தபோது, உணவு இடைவேளையில் வாசல் பக்கம் போனாள். காவலாளியின் கூண்டுக்குள் வடிவமைப்பாளர் உட்கார்ந்து மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். அவரும் ஒன்றும் நெட்டை இல்லை.

"மாடியில புது நாற்காலியில உக்காந்தா எழுத வரலைன்னு சொன்னாரும்மா. ரெண்டு நாளா இங்கதான்" என்றார் காவலாளி. குவியலிலிருந்து அவர் பொறுக்கி வந்து போட்டிருந்த மேசையையும் நாற்காலியையும் நாலேமுக்காலுக்கு அடையாளம் தெரிந்தது.

"கால் தரையில படுதா சார்?" என்று கேட்டாள்.

அவர் குனிந்து பார்த்தார். "படுதே. நல்லா இருக்கும்மா. யாரு டிசைன் இது?"

"எங்க தச்சர். எனக்காக ரம்பத்தால பண்ணது."

எழுதிக்கொண்டிருந்தது புது மேசை நாற்காலிகளின் வெற்றி அறிக்கை. மனிதர் சட்டென்று பேனாவை மூடினார். மேலாளரிடம் பேசி இந்த இரண்டையும் அவளுக்கே திருப்பித் தரச் சொல்கிறேன் என்றார். அவள் கண் ஒரு நிமிடம் அந்த நாற்காலியின் மேலேயே நின்றது.

"எனக்கு மட்டும் வேணாம் சார். மேல பதினோரு பொம்பளைங்களுக்குக் கால் தொங்குது. எல்லாரையும் அளங்க. இந்த அறிக்கையை நான்தான் டைப் பண்ணப்போறேன். எங்க உக்காந்து எழுதினீங்கன்னு ஒரு வரி சேக்க எனக்கு எவ்ளோ நேரம் ஆகும்?"

அன்று மாலையே அளவுநாடா கூடத்துக்கு வந்தது. மறுநாள் தச்சரும் ரம்பமும் வந்தார்கள். வரிசை கோணலானது. அந்த வார முடிவில் அறுபது திரும்பியது. மாற்றல் ஓலையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

அறிக்கை தட்டச்சுக்கு வந்தது. 'உடலுக்கேற்ற இருக்கை: வடிவமைப்பாளரின் புதிய கண்டுபிடிப்பு.' தச்சரைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. இரண்டு பாதத்தையும் தரையில் பதித்துக்கொண்டு நாலேமுக்கால் பிழையில்லாமல் அடித்து முடித்தாள். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி சேர்த்தாள்: 'இந்த முறை பத்தொன்பது வருடத்துக்கு முன்பே அலுவலகத் தச்சரால் கண்டுபிடிக்கப்பட்டது.'

கடைசிப் பக்கம் வரை அங்கே யாரும் படிப்பதில்லை. மேலாளர் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தி மேலிடத்துக்கு அனுப்பிவைத்தார்.