புல்லாங்குழலுக்கு ஒரு ஜிப்பா

மகாபலிபுரம் கடற்கரையில் என் மானம் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது.

ஆபீஸ் நண்பர்கள், அவரவர் குடும்பம், கட்டுச்சோறு - எல்லாருமாகச் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் இறங்கினோம். புளியோதரை தீர்ந்ததும் யாரோ ஒரு புண்ணியவான், சார் புல்லாங்குழல் வாசிப்பார் என்று கிளப்பிவிட்டார். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து குழலை எடுத்தேன். வேண்டாம் என்கிறவன் பையில் குழல் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.

ஊதினேன். காற்று வந்தது. வெறும் காற்று... நடுநடுவே, ஈரத்துணிக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி ஒரு மங்கலான ஸ்வரம். அதுவும் சுருதி இறங்கி.

மணலில் ஒருக்களித்துப் படுத்திருந்த என் மனைவியின் தம்பி சீனு நிதானமாகக் கேட்டான்:

"இன்னா மாமா, அடுப்பு பத்திக்கினுச்சா?"

கடற்காற்றின் மேல் பழியைப் போட்டேன். முழுப் பொய்யில்லை, எதிர்க்காற்று அடித்தால் யார் ஊதினாலும் நாதம் சிதறும். ஆனால் மறுநாள் வீட்டில் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு ஊதிப் பார்த்தேன். அதே ஈரத்துணி.

அப்போதுதான் எனக்கு வியர்க்க ஆரம்பித்தது.

நாற்பது வயதுக்கு மேல் குழலைக் கையில் எடுத்தவன் நான். சர்க்கார் ஐந்தாண்டுத் திட்டம் போட்டபோது நானும் ஒன்று போட்டேன். அவர்களுக்கு அணைக்கட்டு, எனக்கு எங்கள் கிளப் ஆண்டு விழாவில் அரைமணி நேரக் கச்சேரி. அவர்கள் அணை என்னவாயிற்றோ, என் கச்சேரிக்கு அழைப்பிதழே அச்சாகிவிட்டது. விழாவுக்குப் பாக்கி பன்னிரண்டு நாள். முதல் வரிசையில் சீனு உட்காருவான் என்பதில் சந்தேகமே இல்லை.

மூச்சு ஏன் நாதமாக மாறவில்லை? மூச்சில் கோளாறு. மூச்சில் ஏன் கோளாறு? நெஞ்சில் கோளாறு. நெஞ்சில் கோளாறு என்றால்... க்ஷயரோகம்!

இந்த முடிவுக்கு வர எனக்கு ஏறக்குறைய நாலு நிமிஷம் பிடித்தது. அன்று சாயங்காலமே என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் சைக்கிளைச் சீனுவுக்குக் கொடுத்துவிடு என்று மனைவியிடம் தழுதழுத்தேன். அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"பிரேக்கை சரி பண்ணிட்டுக் குடுங்க" என்றாள்.

குழலைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். தட்டினார், குழாய் வைத்துக் கேட்டார், இருமச் சொன்னார். நெஞ்சு தவில் மாதிரி இருக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார். நோயில்லை என்றதும் சந்தோஷம் வரவேண்டுமே? வரவில்லை. நோய் இல்லையென்றால் அப்புறம் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றல்லவா ஆகிறது?

திரும்பும் வழியில் பஜாரில் காசிம் பாய் கடை. பத்து வருஷமாக என் சட்டைகளெல்லாம் அவர் தைத்ததுதான். கச்சேரிக்குப் பட்டு ஜிப்பா தைக்கத் துணி கொடுத்திருந்தேன். அளவெடுக்கக் கூப்பிட்டார். நின்றேன். நாடா தோளுக்கு வந்ததும் நின்றுவிட்டது. தம்முடைய பழைய அளவு நோட்டைப் புரட்டினார், மறுபடி அளந்தார்.

"இன்னா சார் இது? சோத்தாங்கைப் பக்கம் தோளு முக்கா இன்ச் எறங்கிக் கீது. போன தீவாளிக்கு ரெண்டும் சமமாத்தான் இருந்துச்சி."

எனக்கு மறுபடி வியர்த்தது. க்ஷயம் போய் இப்போது பக்கவாதம்! அவர் அதைக் கவனிக்காமல் என் கையிலிருந்த குழலைப் பார்த்தார். எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டார். பிடித்துக் காட்டினேன். மர ஸ்கேலை என் வலது முழங்கைக்கடியில் கொடுத்து நெம்பினார்; நாலு விரலால் முகவாயை நிமிர்த்தினார்.

"இப்ப ஊது சார்."

ஊதினேன். கணீரென்று ஒரு ஷட்ஜம்! எதிர்ச்சாரி சோடாக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

விஷயம் இவ்வளவுதான். தோள் இறங்கினால் குழலின் நுனி இறங்குகிறது. அதோடு தலையும் சாய்கிறது. கீழுதடு போய்த் துளையைப் பாதி மூடிக்கொள்கிறது. விளிம்பில் மோத வேண்டிய மூச்சு நேரே உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறது. சரி, தோள் ஏன் இறங்கியது?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். அவளுக்கு மூன்று மாதமாகவே தெரியுமாம்.

"பீரோ வாங்குன நாள்லேர்ந்து குழலு அதுல இடிச்சுடுமோன்னு பயந்துகினு ஒருபக்கமா சாஞ்சுதானே வாசிக்கறீங்க? நான் ஏதோ பீரோவுக்கு மரியாதை பண்றீங்கன்னு நெனச்சேன்."

பீரோவை நகர்த்த வேண்டியதில்லை. நான் திரும்பி உட்கார்ந்தால் போதும். இது எனக்குத் தோன்றவே இல்லை. நெஞ்சைச் சந்தேகப்பட்டேன், கடலைச் சந்தேகப்பட்டேன், ஆயுளையே சந்தேகப்பட்டேன் - உட்கார்ந்த இடத்தைச் சந்தேகப்படவில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் இல்லையா?

திரும்பி உட்கார்ந்தேன். ஆனால் மூன்று மாதப் பழக்கம் பன்னிரண்டு நாளில் போகுமா? கொஞ்சம் அசந்தால் தோள், இல்லாத பீரோவுக்கு வளைந்தது.

போன சனிக்கிழமை விழா. புது ஜிப்பாவோடு மேடையேறினேன். முதல் இரண்டு நிமிஷம் ராஜநடை. மூன்றாவது நிமிஷம் முன்வரிசையில் சீனுவின் முகம் தெரிந்தது. வாயில் ஏதோ தயாராக வைத்திருக்கிறான்... தோள் நழுவியது. ஸ்வரம் மங்கியது. அதே கணத்தில் ஜிப்பாவின் கழுத்து இடதுபக்கம் சுருக்கென்று பிடித்தது. நிமிர்ந்தேன், விட்டது. நாதமும் திரும்பி வந்தது. மறுபடி சாய்ந்தேன், மறுபடி பிடித்தது. இப்படியே அரைமணி நேரம். நிஜமான கைதட்டல், சார்! நானே ஒரு நிமிஷம் பின்னால் யாராவது வந்து நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

கீழே இறங்கினதும் காசிம் பாய் காதருகே வந்தார்.

"கழுத்தாண்ட லேசா டைட் வச்சேன் சார். நேரா குந்திகினா ஒண்ணும் தெரியாது. சாஞ்சா வுடாது."

அதற்குள் சீனு வந்துவிட்டான். என்னை மேலும் கீழும் பார்த்தான். பாராட்ட மனசு வரவில்லை, திட்டவும் வழியில்லை. கடைசியில் சொன்னான்:

"ஜிப்பா நல்லாகீது மாமா."

பாவம், வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னான். ஆனால் அன்றைய கச்சேரிக்கு வந்த விமர்சனங்களிலேயே சரியானது அது ஒன்றுதான்.