தாழ்மையுடன் கேட்டுக்கொண்டவர்கள்

அரசாங்கத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவில் ஒரு டைப் மெஷின் வைக்கிற அளவுக்கு இடம் உண்டு. கொடைக்கானல் தாலுகா ஆபீசுக்கு எதிரே, ஒரு தையல் கடையின் பாதியில், அந்த இடத்தில்தான் நான் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். எழுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகள் வரை. மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் டைப் கற்றுக்கொண்டவள் என்பதால் 'டைப் அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ரெஜினா என்ற பெயரை என் வீட்டுக்காரர் மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்.

அந்தக் காலத்தில் எதற்கு அனுமதி வேண்டும் என்று கேட்காதீர்கள், எதற்கு வேண்டாம் என்று கேளுங்கள். சிமெண்டுக்கு பர்மிட், சர்க்கரைக்கு பர்மிட், சொந்தப் பட்டாவில் நிற்கிற மரத்தை வெட்ட உத்தரவு. நீங்களும் ஏதாவது ஒரு சன்னலுக்கு முன்னால் கால் கடுக்க நின்றவர்கள்தான். ஆகவே நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

கல்யாணக் காப்பி

தாண்டிக்குடியிலிருந்து முத்தையா என்று ஒருவர் வந்தார். சின்னத் தோட்டம், நல்ல காப்பி. அப்போதெல்லாம் விளைந்த காப்பியை அரசாங்கத்தின் காப்பி வாரியத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும், வீட்டுக்கென்று கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாம். அந்தக் கொஞ்சத்தையும் பர்மிட் இல்லாமல் மலையை விட்டு இறக்க முடியாது. அவர் மகளுக்கு மலையடிவாரத்து வத்தலக்குண்டில் கல்யாணம். தன் தோட்டத்துக் காப்பியைத்தான் சம்பந்தி வீட்டார் குடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. "எஞ்செடி, எங்கொட்டை, எம்மவ கல்யாணம். இதுல யாருகிட்டக்கா கேக்கணும்?" என்றார். கேட்கத்தான் வேண்டும் என்று சொல்லி மனு அடித்துக் கொடுத்தேன்.

இத்தனை கிலோ எதற்கு என்று ஒரு கேள்வி வந்தது. பதில் அடித்தோம். கல்யாணப் பத்திரிகையை இணைக்கவும் என்று இன்னொரு கடிதம் வந்தது. இணைத்தோம். முகூர்த்தம் நெருங்கியது, பர்மிட் நகரவில்லை. மனுஷர் ஒருநாள் வெள்ளனே வந்து, "இனி அடிக்க வேண்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாவம், மனசு உடைந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் ஒரு டப்பா காப்பித்தூளோடு வந்து நின்றார். கல்யாணத்தையே தாண்டிக்குடிக்கு மாற்றிவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டாரை ஜீப் ஜீப்பாக ஏற்றிக் கொண்டுவந்து, தோட்டத்துக்குள்ளேயே பந்தல் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் டம்ளர் டம்ளராகக் கொடுத்திருக்கிறார். டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "காப்பி மலையெறங்கக் கூடாதுன்னுதானக்கா சட்டம்? சம்பந்தி மலையேறக் கூடாதுன்னு எங்கயும் இல்லையே!"

கேட்பதற்கு லைசென்ஸ்

ரேடியோ வைத்திருந்தால் லைசென்ஸ் எடுக்க வேண்டிய காலம் அது. அட்டுவம்பட்டியில் உருளைக்கிழங்கு போட்டிருந்த ஒரு பெரியவருக்கு, லைசென்ஸ் புதுப்பிக்கவில்லை என்று நோட்டீஸ் வந்துவிட்டது. விளக்கம் எழுத வேண்டும், என்ன அடிக்கட்டும் என்று கேட்டேன். அவர் நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "பேசுறவுக அவுக. கேக்குறவன் நான். லைசென்ஸ் யாரு எடுக்கணும்னு கேட்டு அடிங்க."

எனக்கே வந்தது

எமர்ஜென்சி நாட்கள். டீக்கடையில்கூட ஜனங்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். தாலுகா ஆபீசுக்குப் புதிதாக வந்த ஓர் அதிகாரி என் கடை முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "லைசென்ஸ் இல்லாம மனு எழுதித் தர்றியா? மெஷினை எடுத்துட்டுப் போ" என்றார். லைசென்ஸ் எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். முறைத்தார். அன்று மெஷினைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அழுகை. அந்த மெஷின்தான் எங்கள் வீட்டில் அரிசி.

ராத்திரி சாப்பிட மனசில்லை. வீட்டுக்காரர், "ஊருக்கெல்லாம் அடிக்கிற, உனக்கு ஒன்னு அடிச்சுக்கோயேன்" என்றார். விடிந்ததும் உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் 'மிகவும் தாழ்மையுடன்' என்று விரல் ஓடிவிட்டது. தாளை உருவிக் கிழித்துப் போட்டேன். புதுத் தாளில் இப்படி அடித்தேன்: 'ஐயா, வணக்கம். மனு டைப் அடித்துத் தர லைசென்ஸ் வேண்டும் என்று எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் இருக்கிறது என்று தெரிவித்தால் விண்ணப்பம் செய்கிறேன். தெரிவிக்கும் வரை என் தொழிலைச் செய்துகொண்டிருப்பேன்.' கையெழுத்தும் போட்டேன். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போய் உட்கார்ந்தேன்.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. போலீஸ் தொப்பி தெரிந்தால் மெஷினைச் சாக்கால் மூடிக்கொள்வேன். ஆனாலும் ஒருநாள்கூடக் கடையை மூடவில்லை. மூன்றாவது வாரம் அந்த ஆபீசின் பியூன் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தார்: "அய்யா சட்டப் பொஸ்தகம் பூராத் தேடிட்டாருக்கா, அப்படி ஒன்னும் இல்லையாம். ஆனா இல்லைன்னு எழுதிக் குடுக்க அவருக்கு அதிகாரம் இல்லையாம்."

இருக்கிற இடம்

செல்லையாவும் ராசம்மாவும் இந்தியா-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். பிறந்ததெல்லாம் அங்கேதான். வந்திறங்கியவர்களுக்கான முகாமில் இருந்தபோது சமவெளியில் ஏதோ ஒரு மில்லில் வேலை ஒதுக்கியிருந்தார்கள். அதற்குள் அவர்கள் சொந்தக்காரரோடு மலைக்கு வந்து, குத்தகை நிலத்தில் கேரட் போட்டுவிட்டார்கள். மில் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வந்தார்கள்.

நான் நல்லது சொல்வதாக நினைத்து, "எழுதிக் குடுத்தா அப்புறம் எந்த உதவியும் கிடைக்காது, யோசிங்க" என்றேன். செல்லையா கையைப் பிசைந்தார். ராசம்மா, "ரெண்டு கவர்மெண்டும் பேசித்தான் எங்கள இங்க அனுப்பிச்சாங்க. எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல்ல. இதையாவது நாங்க சொல்லுறம், அடிங்க" என்றாள். அடித்தேன். அவள்தான் முதலில் கைநாட்டு வைத்தாள்.

முதல் வருஷம் உறைபனியில் பயிர் கருகிப்போனது. கூலிக்குப் போய்க்கொண்டே மறுபடியும் போட்டார்கள். ஏழெட்டு வருஷம் கழித்து, மதுரைக்குப் போகிற காய்கறி லாரியிலிருந்து ராசம்மா இறங்கி வந்தாள். மூட்டைகள் அவளுடையவை, நிலமும் இப்போது அவளுடையது. அந்தப் பழைய கடிதத்தின் நகல் இருக்கிறதா என்றாள். தேடி எடுத்துக் கொடுத்து, எதற்கு என்று கேட்டேன். "கண்ணாடிச் சட்டம் போட்டுச் செவத்துல மாட்டத்தான். நாங்க எங்க இருக்கணும்னு நாங்களே சொன்ன கடுதாசி இது ஒன்னுதான்."

சன்னலின் உயரம்

தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா இருந்தார். மனுவில் மரியாதை வார்த்தை ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். பாச்சலூரிலிருந்து வந்தவரை, மார்ஜின் சரியில்லை என்று மூன்று தடவை அலையவிட்டிருக்கிறார். ஓய்வு பெற்றதும் வீடு கட்ட ஆரம்பித்தார். சிமெண்டு பர்மிட்டுக்கு வரிசையில் நின்றார். சன்னலில் இருந்த புதுப் பையன் தலையை நிமிர்த்தாமலே நாளைக்கு வாங்க என்றானாம். குடையை மடக்கிக்கொண்டு என் கடைக்குள் வந்து, மனுவைத் திருத்தி அடிக்கச் சொன்னார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் 'மார்ஜின் சரியா இருக்கா பாரும்மா' என்று அவரே கேட்டதும் அது போய்விட்டது. சிமெண்டு கிடைக்க அவருக்கு நாலு மாசம் ஆனது. அந்த நாலு மாசமும் என் பெஞ்சில் உட்கார்ந்து, எந்த அறை, எந்தப் படிவம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா சொல்லிக்கொடுத்தார். கிடைத்த பிறகும் வந்தார். ஏன் சார் இன்னும் வர்றீங்க என்று கேட்டேன். "இந்தப் பக்கம் நின்னப்பத்தாம்மா அந்த சன்னல் இம்புட்டு ஒசரம்னு தெரிஞ்சுது."

எங்கள் மலை ஜனங்கள் அரசாங்கத்திடம் கேட்டதையெல்லாம் அடித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அதில் முக்கால்வாசி, 'கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், மிச்சத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்பதை மூன்று பிரதிகளில் மரியாதையாகச் சொன்னதுதான்.