பச்சை வட்டம் போட்ட நூடில்ஸ்

மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. அதே கையில் பிளாஸ்டிக் முள்ளுக்கரண்டி. முன்னால், ஆவி பறக்கும் ஒரு கொரியா நூடில்ஸ் கிண்ணம்.

சென்ற கிழமை இரத்தினபுரி டவுனில் நான் உட்கார்ந்திருந்த கோலம் இது. தோட்டத்து ஆட்கள் யாரும் பார்க்கவில்லை, நல்லவேளை என்று அப்போது நினைத்தேன். யாராவது பார்த்துத் தடுத்திருக்கக் கூடாதா என்று பிறகு நினைத்தேன்.

காப்பு எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் இந்த வருடம் கரகம் தூக்க வேண்டியவன் நான். மகள் சுதாவுக்காக வைத்த நேர்த்தி. மருமகன் கொழும்பில் வேலை செய்வதால் பிரசவத்துக்கு எங்களோடு வந்திருக்கிறாள். இதற்கு முன் ஒன்று தங்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி வாய்க்குள்ளேயே நேர்ந்துகொண்டேன் — அடுத்தது தரித்தால் கரகம் தூக்குகிறேன் தாயே, நல்லபடியாகப் பெற்றெடுக்க வை என்று. தரித்தது. இப்போது நிறைமாதம்.

காப்புக் கட்டினால் கரகம் இறங்கும்வரை மச்சம் மாமிசம் ஆகாது. முட்டைகூட ஆகாது. பிசகினால், யாருக்காக நேர்ந்தோமோ அவர்களுக்குத்தான் கெடுதல் என்பார்கள். இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்காதீர்கள். மகள் நிறைமாதமாக இருக்கும்போது அந்தக் கேள்விக்கு எந்த அப்பனிடமும் பதில் இருக்காது.

கோவில் சாமான் வாங்க நான் டவுனுக்குக் கிளம்பும்போதுதான் சுதா கேட்டாள்.

"அப்பா, கொரியா நூடில்ஸ் ரெண்டு வாங்கிட்டு வாங்கப்பா. போன்ல பாத்துப் பாத்து வாய் ஊறுது."

"நூடில்ஸ் நம்ம சில்லறைக் கடையிலயே இருக்கேம்மா."

"அது இது இல்லப்பா. இது செவப்பா இருக்கும். மாணிக்கக்கல் விக்கிற தெருவுக்குப் பின்னால வெளிநாட்டுச் சாமான் கடை ஒண்ணு தொறந்திருக்காங்க. மரக்கறியா பாத்து வாங்குங்க, வீட்டுல காப்புக் கட்டியிருக்கு. தெரியலன்னா கேளுங்க. கூச்சப்படாம கேளுங்கப்பா."

பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டு இல்லை என்று சொல்ல முடியுமா?

கடை சின்னதுதான். எங்கள் லயத்து வீட்டுக் காம்பரா இரண்டைச் சேர்த்தால் வரும். ஆனால் அதற்குள் உலகமே இருக்கிறது! கல் வாங்க வரும் தாய்லாந்துக்காரர்களுக்கு மீன் சாஸ் போத்தல். சீனர்களுக்குக் காய்ந்த காளான். குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர்களுக்குப் பேரீச்சம்பழப் பெட்டி. கார்பன் பேப்பர் மாதிரி கறுப்பாக ஏதோ அடுக்கியிருந்தது — கடற்பாசியாம், சாப்பிடுவார்களாம். மூலையில் ஒரு சுடுதண்ணீர் மெஷின், பக்கத்தில் நீளப் பலகை, நாலைந்து ஸ்டூல். வாங்கியதை அங்கேயே சாப்பிடலாம்.

புது இடத்துக்குப் போனால் என் தலை தானாகக் குனிந்துவிடும். அன்றும் அப்படித்தான். கீழ்த்தட்டையே பார்த்துக்கொண்டு நகர்ந்தேன். சிவப்புக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் கொரியா எழுத்து. குச்சியும் வட்டமுமாக.

கல்லாவில் ஒரு சிங்களப் பெண்பிள்ளை இருந்தது. கேட்டிருக்கலாம். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மொழி பிரச்சினை இல்லை... வாய்தான் பிரச்சினை.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஒரு கிண்ணத்தின் மூடியில் பச்சை வட்டம்.

உங்களுக்குத் தெரியும்தானே? இந்தியாவிலிருந்து வரும் மிக்சர், பிஸ்கட் பாக்கெட்டுகளில் சின்னச் சதுரத்துக்குள் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். இருந்தால் மரக்கறி. விரதக் காலத்தில் தோட்டத்தில் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் வாங்குவோம். இதில் புள்ளி கொஞ்சம் பெரிது, சதுரத்தைக் காணோம். கொரியாக்காரன் பெரிதாகப் போட்டிருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவரிடம் வாய் திறந்து கேட்பதிலிருந்து தப்ப, மனது எப்படியெல்லாம் வேலை செய்கிறது!

இரண்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது, சிரித்தது. பிறகு ஒரு மூடியைக் கிழித்து, தூளைக் கொட்டி, சுடுதண்ணீரையும் ஊற்றிவிட்டது. சாப்பிட வந்தவன் என்று நினைத்துக்கொண்டது போல.

"வாடிவென்ன அங்கிள்" என்று உட்காரச் சொல்லி ஸ்டூலைக் காட்டியது.

வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? எனக்கு அது வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பச்சை வட்டம் இருக்கிறதே, பயமென்ன?

ருசியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அபாரம். காரம் காதுவரை ஏறியது, கண்ணில் நீர் கொட்டியது. கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றையும் குடித்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து மிச்சக் கிண்ணத்தைக் கொடுத்தேன்.

"ரெண்டு கேட்டேனேப்பா?"

"ஒண்ணுதான் இருந்திச்சும்மா."

சுதா போன் கேமராவை மூடிக்கு நேரே பிடித்தாள். இப்போதைய போன்களில் அப்படியொரு வசதி... எந்த மொழியையும் தமிழாக்கிக் காட்டுகிறது. குச்சியும் வட்டமும் கரைந்து, தமிழ் எழுத்து வந்து நின்றது.

மாட்டு எலும்புச் சாறு.

"ஐயையோ, மாடுப்பா இது" என்றாள்.

"அந்தப் பச்சை வட்டம்?"

போனை நகர்த்தினாள். "காரம் குறைவுன்னு போட்டிருக்கு." எனக்குக் கண்ணில் நீர் கொட்டிய காரம் அவர்களுக்குக் குறைவாம்! பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அங்க ஒண்ணும் சாப்புடலையே?"

"இல்லம்மா."

கோழியாக இருந்தால்கூட ஒரு மாதிரி. காப்புக் கட்டாத நாளிலேயே எங்கள் வீட்டில் மாடு சேர்த்ததில்லை. அதையும் நான் கடைசிச் சொட்டுவரை குடித்திருக்கிறேன்!

சுதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். தினமும் அப்படித்தான் எழுகிறாள். அன்றைக்கு மட்டும் நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "வலிக்குதாம்மா?" என்றேன். "இல்லையேப்பா" என்றாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டேன். இராத்திரிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் பால் வெட்டப் போனேன். றப்பர் மரத்தில் பட்டையை மட்டும் சீவ வேண்டும், கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். அன்று என் கத்தி போன மரத்திலெல்லாம் காயம். இனித் தாங்காது என்று, அடுத்த மலையில் பால் வெட்டும் முத்தையா மாமாவைத் தேடிப் போனேன். எங்கள் கோவில் பூசாரி அவர்தான். எனக்குக் காப்புக் கட்டியவரும் அவர்தான்.

"மாமா, ஒரு விசயம்..."

"சொல்லு மாப்ள."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததச் சொல்றதுக்கா மலையேறி வந்த?"

நான் சிரட்டையில் சொட்டும் பாலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகினார்.

"நேத்து பொழுதுபட ஒம் மக போன் பண்ணிச்சு."

"என்னன்னு மாமா?"

"அப்பா சட்டையில செவப்பு எண்ண சொட்டியிருக்கு, தெரியாம மாட்டுச் சாறு குடிச்சிட்டாருபோல. கடையிலயும் கேட்டிருக்க மாட்டாரு, ஒங்ககிட்டயும் சொல்ல மாட்டாரு. அப்பிடி வந்தாருன்னா திட்டாதீங்கன்னிச்சு."

"புள்ள பயந்திச்சா மாமா?"

"பயந்துதான் பேசுனிச்சு. ஒன்ன நெனச்சு. இந்த மனுசன் இதையே நெனச்சுச் சாப்புடாமக் கெடப்பாரேன்னு."

சிரட்டையில் விழுந்து கிடந்த ஓர் இலையை எடுத்துப் போட்டேன்.

"புள்ள சொன்னதால திட்டல" என்றார். "இல்லன்னா நல்லா கேட்டிருப்பேன். வெளிக்கடையில குந்தித் திங்கவா ஒனக்குக் காப்புக் கட்டுனேன்? போ, வேல முடிஞ்சதும் ஆத்துல முழுகிட்டு ஈரத்தோட கோவிலுக்கு வா. வேற காப்புக் கட்டுறேன். தெரியாமச் செஞ்சதுக்கு ஆத்தா கணக்கு வைக்க மாட்டா. அவளுக்கும் ஒன்னத் தெரியாதா?"

முழுகினேன். கட்டினார். மனது பாதி அடங்கியது. மீதி? அது பிள்ளை பிறந்த பிறகுதான் அடங்கும்.

வீட்டுக்கு வந்தால், சுதா அந்தக் கிண்ணத்தை ஒரு பையில் போட்டு வைத்திருந்தாள். எதையும் கேட்கவில்லை.

"நாளைக்கு மாத்திட்டு வாங்கப்பா. இந்தத் தடவ கேட்டு வாங்கிட்டு வாங்க."

தண்டனை என்று பார்த்தால் இதுதான் தண்டனை. பஸ்ஸில் போகும் வழியெல்லாம் கடையில் கேட்க வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்துச் சீட்டுக்காரர், மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

கல்லாவுக்கு முன்னால் போய் நின்றேன். "நங்கி... மஸ் நெதி ஏவா தியெனவாத?" தங்கச்சி, இறைச்சி இல்லாதது இருக்கிறதா என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

அந்தப் பிள்ளை விரலை மேலே காட்டியது.

நான் அன்று குனிந்து நின்ற அதே தட்டுக்கு நேர் மேலே ஒரு பலகை தொங்கியது. மூன்று மொழியில் எழுதியிருந்தது. நடுவில் தமிழ், கொட்டை எழுத்தில்: மரக்கறி இடப்பக்கம், இறைச்சி வலப்பக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். அதை வாசிக்க அந்தப் படிப்பு தாராளம். தலையைத் தூக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கரகம் நல்லபடியாக இறங்கியது. வருகிற கிழமை சுதாவை வார்டில் சேர்க்கிறோம். பெரிய ஆஸ்பத்திரி. எந்தப் பக்கம் போவது, யாரிடம் கேட்பது என்று நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. அங்கேயும் பலகையெல்லாம் மேலேதான் தொங்குமாம்... லயத்து வாசலில் இப்போதே நிமிர்ந்து நடந்து பழகிக்கொண்டிருக்கிறேன்.