எட்டு வருஷ அனுபவம்

புதிதாக வந்திருக்கிறது என்று தரை துடைக்கிற மருந்து ஒன்றைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார் மளிகைக் கடைக்காரர். எலுமிச்சை வாசனை. எனக்கு அதெல்லாம் ஒரு வாசனையாகவே படவில்லை. தரை துடைப்பது என்றால் தண்ணீரில் வெள்ளையாகக் கலங்குகிற பினாயில்தான். நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் மூன்று குவார்ட்டர்ஸில் வீட்டுவேலை பார்த்த காலத்தில் அது என் புடவையில் ஏறி, சாப்பிடுகிற சோற்றில்கூட வரும். மகள் செல்வி சின்னப் பிள்ளையாக என் மேல் சாய்ந்தால் நான் தள்ளி உட்காருவேன். அவள் மேல் அது ஒட்டக் கூடாது.

மற்றவர்கள் லீவு நாளில் பெண்ணையும் வேலைக்குக் கூட்டி வருவார்கள். பெண் பாத்திரம் கழுவ, அம்மா வீடு கூட்ட, சீக்கிரம் முடிந்துவிடும். நான் ஒரு நாளும் கூட்டிப் போனதில்லை. எங்கள் வீட்டுத் துடைப்பத்தைக்கூட அவளைத் தொட விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் 'வீட்டில் இருக்கிறார்' என்று சொல்லச் சொன்னேன். பொய் இல்லையே. யார் வீட்டில் என்றுதான் சொல்லவில்லை.

செல்வி இன்ஜினியரிங் முடித்து, லோன் போட்டு அயர்லாந்துக்கு மேல்படிப்புக்குப் போனாள். அது எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நமக்குச் சாயங்காலம் என்றால் அவளுக்கு மத்தியானம், அவ்வளவுதான். படிக்கிற பிள்ளைகள் வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை பார்க்கலாமாம். அது கிடைத்தால்தான் அங்கே சாப்பாடும் ரூமும். இல்லாவிட்டால் படிப்பை விட்டுத் திரும்ப வேண்டும்.

இரண்டு மாதம் கடை கடையாக ஏறி இறங்கினாள். பயோடேட்டாவை வாங்கி வைத்துக்கொள்வார்களாம், கூப்பிட மாட்டார்களாம். எனக்குத் தெரிந்த யோசனையை நான் சொன்னேன். "காலையில போவாத செல்வி. சாப்ட்டு கை கழுவற நேரமா போ. பின்பக்கமா போயி நில்லு. பெல்லு அடிக்காத. அவங்களா பாக்கற வரைக்கும் நின்னுக்கினே இரு."

அப்படித்தான் நான் மூன்று வீடு பிடித்தேன். நீங்கள் சிரிக்கலாம். அவள் சிரிக்காமல் ஓர் ஓட்டலின் பின்வாசலில் போய் நின்றிருக்கிறாள். குப்பை கொட்ட வந்தவன், இங்கே நிற்கக் கூடாது என்று அனுப்பிவிட்டானாம்.

ஒரு சாயங்காலம் டீச்சரம்மா குவார்ட்டர்ஸின் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா கோயம்புத்தூர்ப் பக்கம், வீட்டுக்காரர் மைன்ஸில் பர்மனென்ட். அப்போது செல்வி போன் செய்தாள்.

"ஓட்டல்ல ரூம் கிளீன் பண்ற வேலை ஒண்ணு இருக்குதும்மா. பயோடேட்டால இன்ஜினியரிங்னு போட்டா கூப்புட மாட்டாங்களாம். அத எடுத்துட்டேன். இப்ப அந்தக் காயிதத்துல ஒண்ணுமே இல்ல."

"அதுக்கு?"

"ஒன் வேலைய நான் பாத்தன்னு போட்டுக்கட்டா?"

தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"உள்ள நொழஞ்சதும் மொதல்ல இன்னா செய்வ? ஒண்ணொண்ணா சொல்லும்மா."

குரலைத் தாழ்த்திச் சொன்னேன். மேலேயிருந்து கீழே தூசி தட்டுவது. பாத்ரூமில் மருந்து ஊற்றி ஊறவிட்டு, அதற்குள் படுக்கை விரிப்பை மாற்றுவது. "மெதுவா சொல்லு, எழுதறேன்" என்றாள். இத்தனை வருஷம் மறைத்ததை அவள் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கடைசியாக, வேலை கொடுத்தவர் ஒரு லெட்டர் தர வேண்டும் என்றாள்.

டீச்சரம்மா கதவோரம் நின்று எல்லாம் கேட்டிருக்கிறார்.

"ஏம்மா, அந்தப் புள்ளைய ஒரு நாளு என்ற வாசப்படி மிதிக்க உட்டிருப்பியா நீயி? இப்ப அவளை வேலைக்காரின்னு நான் எழுதோணுமா?"

"ஆமாங்க டீச்சரம்மா."

"நெசமாத்தான் சொல்றியா?"

"எழுதிடுங்க."

தன் போனிலேயே இங்கிலீஷில் எழுதி எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். செல்வி என் வீட்டில் எட்டு வருஷம் வேலை பார்த்தாள். கைசுத்தமானவள். சொல்லாமல் ஒரு நாளும் நின்றதில்லை. அவள் துடைத்த மூலையை நான் மறுபடி துடைத்ததில்லை.

"எல்லாம் ஒன்னையப் பத்தித்தான். பேரு மட்டும் அவளது" என்றார்.

அந்த எட்டு வருஷத்தில் இதில் ஒன்றைக்கூட அவர் என்னிடம் சொன்னதில்லை. சந்தோஷமா, வருத்தமா என்று கேட்டால் ஒன்றும் தோன்றவில்லை. மிச்சப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

வேலை கிடைத்தது. அந்த ஒரு வருஷம் தினமும் போன்தான்.

"கண்ணாடில கோடு கோடா நிக்குதும்மா."

"பழைய பேப்பரால தொடை."

"இடுப்பு ஒடியுது."

"குனியாத, மண்டி போட்டுக்கோ."

"இந்தப் படிப்பெல்லாம் எனக்குக் காட்டாம ஒளிச்சிக்கினு இருந்தியே, கள்ளி!" என்பாள். ஒரே ப்ளாக்கில் வேலை பார்க்கிற இரண்டு பேர் மாதிரி பேசிக்கொண்டோம்.

பிறகு அவளுக்குக் கம்பெனி வேலை வந்தது. பயோடேட்டாவில் இன்ஜினியரிங்கைத் திரும்ப எழுதி, எட்டு வருஷத்தை எடுத்துவிட்டாளாம். இனிமேல் வீட்டுவேலைக்குப் போகாதே என்றாள், நானும் நின்றுவிட்டேன். டீச்சரம்மா குடும்பம் ரிட்டயர் ஆகி ஊரோடு போனது. அந்த வரிசைக் குவார்ட்டர்ஸையே இடித்துவிட்டார்கள். பாத்திரம் தேய்த்த இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் வருகிறது. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா. போன வாரம் வீடியோவில் அவளுக்குப் பின்னால் ஒரு பெண் சோபாவை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"யாரு செல்வி அது?"

"வூடு கிளீன் பண்றவங்கம்மா."

"பேரு இன்னா?"

"தெரிலம்மா. ஏஜென்சிலேருந்து அனுப்புவாங்க, ஆள் மாறிக்கினே இருக்கும்."

சரி என்றேன்.