உன் நாடு எது, பிலோமினா?

போன சனிக்கிழமை காலை கோலாலம்பூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். யாரையும் வழியனுப்ப அல்ல... சிங்கப்பூர் மெயிலில் வரும் இங்கிலீஷ் பேப்பருக்காக!

பக்கத்தில் அந்தோணிசாமி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் அடுத்த வீட்டுக்காரர், சிக்னல்மேன். அவர் மகள் பிலோமினா சிங்கப்பூர் காலேஜில் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்திருக்கிறாள். அன்றைய பேப்பரில் ரிசல்ட்.

கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்டபாடு. பயமெல்லாம் சரித்திரமும் சிவிக்ஸும் சேர்ந்த ஒரே ஒரு பேப்பர் மேல்தான். எந்தப் பாடம் படித்தாலும் அதில் எல்லோரும் தேறியாக வேண்டும். தவறினால் டிப்ளமா கிடையாது.

அதில் ஒரு கேள்வி: 'உன் நாட்டின் ஆட்சிமுறையை விவரி.'

சுலபமான கேள்விதானே? வெள்ளைக்காரப் பையன்கள் உடனே எழுத ஆரம்பித்துவிட்டார்களாம். இவள் மட்டும் பேனாவைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாளாம். அப்பாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். இவள் பிறந்தது கிள்ளானில். பாடப் புத்தகத்தில் இருப்பதோ லண்டன் பார்லிமெண்ட்!

கடைசியில், கிள்ளான் இருக்கும் சிலாங்கூர் ராஜ்யத்தைப் பற்றி எழுதினாள். சுல்தான், அவருக்கு ஆலோசனை சொல்லும் வெள்ளைக்கார ரெசிடெண்ட், ஸ்டேட் கவுன்சில்...

அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று.

"பொஸ்தகத்துல உள்ளத எழுதிட்டு வர்றதுதானம்மா? இல்ல, இந்தியான்னாச்சும் எழுதியிருக்கலாம்ல?"

"நான் கண்ணால பாக்காத ஊர எப்படிப்பா என் நாடுன்னு எழுதுவேன்?"

அதோடு பேச்சு நின்றது. ஸ்டேஷனிலும் அவள் ஒரு தூணோரம், இவர் ஒரு தூணோரம்.

ரயில் வந்தது. அந்தோணிசாமி பேப்பரை வாங்கினார்; பிரிக்கவில்லை. "நீங்களே பாருங்கண்ணே" என்று என்னிடம் நீட்டினார்.

பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். 'பி' வரிசையில் பிலோமினா இல்லை!

என் முகத்தைப் பார்த்தே அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் மூன்றாம் முறையும் அதே வரிசையைத் தேடினேன்.

பிலோமினா விறுவிறுவென்று வந்தாள். பேப்பரை வாங்கி, மேலிருந்து விரலை ஓட்டினாள். 'ஏ' வரிசையிலேயே விரல் நின்றது.

"அந்தோணிசாமி, பி... அப்பா, பாஸ்! காலேஜுல உங்க பேரத்தான்பா முன்னால போடுவாங்க!"

"என் பேரா? பேப்பர்லயா?" எழுந்து அந்த வரியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மகளின் தலையைத் தொட்டார். அவள் அழுதாள். இவரும்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது, அவள் கொஞ்சம் முன்னே போனதும், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இதுதான் அவ நாடுன்னு பரீட்சை திருத்துனவரு ஒத்துக்கிட்டாரு. கவர்மெண்டும் ஒத்துக்குமாண்ணே?"

எனக்கு யார் மார்க் போட்டாலும் சரி... அந்தக் கேள்விக்கு நான் பெயில்.