சீதன வீடும் செய்தியாளர்களும்

முதலில் வந்த வெளிநாட்டுச் செய்தியாளரிடம் நான் பொய் சொல்லவில்லை. காலநிலை மாறுவதால் தீவுகளில் இருப்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்று எழுத வந்த பெண் அவர். மாரியில் கடல் எங்கள் முற்றத்துக்கு ஏறுவதையும் கிணறு உவராகிவிட்டதையும் காட்டினேன்.

"இன்னும் எத்தினை வருசம் இஞ்சை இருப்பியள் எண்டு கேக்கிறா," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"கடல் விட்டால் இருப்பம்," என்றேன். கமெராவுக்கு முன்னால் அழுதும்விட்டேன்.

அந்தப் படம் ஊரெல்லாம் கைபேசியில் ஓடியது. அவர் போன பிறகு வீட்டில் இருந்தது நானும் என் மகளும்தான். அவளுக்கு அக்கரையில், குருநகரில் கலியாணம் பேசி, நாங்கள் இருந்த வீட்டையே சீதனமாக எழுதுவதாக இருந்தது. மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"உங்கடை தீவு தாழப்போகுதாமே? நீங்களே சொல்லி அழுறியள். தண்ணிக்குள்ளை போற வீட்டை வைச்சு என்ரை பிள்ளை என்ன செய்யிறது?"

சம்பந்தம் முறிந்தது. வீட்டை விற்றுத் தீவை விட்டுச் சாவகச்சேரிப் பக்கம் போகலாம் என்று பார்த்தோம். வாங்க வந்த ஒரேயொருவர், சுவரில் பூத்திருந்த உப்பைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த படகிலேயே திரும்பினார். மகள் என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் இன்னொரு செய்தியாளர் வந்தார், வயதானவர். அதே மொழிபெயர்ப்பாளர்தான் கூட்டிவந்தார்.

"ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு சொல்லுங்கோ," என்றேன். "கடல் ஏறுறேல்லை. கிணத்திலை நல்ல தண்ணி."

மொழிபெயர்ப்பாளர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை அப்படியே சொன்னார்.

மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். செய்தியாளர் ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கியது. பிறகு மரியாதைக்காக மிச்சத்தையும் குடித்தார். பவுசர் வண்டியில் பிடித்த குடிதண்ணீர் பீப்பாவில் அரைவாசி இருந்தது எனக்குத் தெரியும்.

"ஏன் பாக்கிறியள்? நீங்கள் சொன்ன நல்ல தண்ணிதான்," என்றாள் மகள் என்னிடம். பிறகு மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினாள். "நான் இந்த வீட்டிலை கிடந்து மறுகுறன். அம்மா ஒண்டும் இல்லை எண்டுறா. உண்மையை எழுதச் சொல்லுங்கோ."

நான் மறுக்கவில்லை. அன்று அவள்தான் எல்லாம் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

செய்தியாளர் எழுதியது எங்கே வந்ததென்று எங்களுக்குத் தெரியாது. வீடு இன்னும் விலைபோகவில்லை. போன மாரிக்கு முன் நாங்கள் இருவருமாக, தண்ணீர் எட்டாதபடி கட்டில் கால்களுக்குக் கல் வைத்து உயர்த்தினோம்.