பெரட்டுக் களத்தில் கொயினா

கேகாலைப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மலேரியாக் காய்ச்சல் காலம் வந்துவிட்டால், காலைப் பெரட்டுக் களத்தில் எங்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டதும், தோட்டத்து மருந்தகத்து டிஸ்பென்சர் ஐயா ஒவ்வொருவர் வாயிலும் கொயினா மருந்துத் தண்ணீரை ஊற்றுவார். விழுங்கிக் காட்டினால்தான் பால் வெட்டப் போகலாம்.

அப்படியொரு காலத்தில் என் வீட்டுக்காரருக்கு மறைவிடத்தில் புண் வந்தது. டிஸ்பென்சர் ஐயா பார்த்தார், பொம்பளைச் சீக்கு என்று பாதரசக் களிம்பு கொடுத்தார். இவரோ வேறு வாசல் மிதிக்காதவர், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைக்கே தெரியும். அப்படியானால் சீக்கைக் கொண்டுவந்தது யார்? நான்தானாம். நெருப்பில்லாமல் புகையுமா என்றார்கள். "ஒன்ன ஒங்கப்பன் வீட்டுக்கே அனுப்பிடுறேன்" என்றார் மாமியார். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. சண்டை போட்டுத்தான் அந்த வீட்டில் தங்கினேன்.

காய்ச்சல் காலம் முடிந்தது, புண்ணும் ஆறியது. அடுத்த காய்ச்சல் காலத்தில் அதே இடத்தில் மறுபடியும் வந்தது. "பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. எம்மேல குத்தமுன்னா நானே போயிர்றேன்" என்று அவரைக் கேகாலைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் என்னையும் சோதிக்கச் சொன்னார். எனக்கு ஒன்றுமில்லை. பிறகு, புண் வருமுன் என்ன சாப்பிட்டாய், என்ன குடித்தாய் என்று வீட்டுக்காரரைத் துருவித் துருவிக் கேட்டார். களிம்பை நிறுத்தி, வார்டில் வைத்து, புண் ஆறியதும் கொஞ்சம் கொயினா கொடுத்துப் பார்த்தார். மறுநாளே பழைய தழும்பு சிவந்து எரிந்தது.

"இது தொத்து வருத்தமில்லை. உன்ரை மனுசியில ஒரு பிழையுமில்லை. கொயினா உன்ரை உடம்புக்கு ஒத்துவராது, இனித் தொடாதை" என்றார் டாக்டர்.

திரும்பி வரும் வழியில் வீட்டுக்காரர் அழுதார். என் மேல் குற்றமில்லை என்று எல்லாருக்கும் சொல்வதாக என்னிடம் வாக்குக் கொடுத்தார். மறுநாள் பெரட்டில் டிஸ்பென்சர் ஐயா இவரிடம் கொயினாக் கோப்பையை நீட்டினார். வேண்டாம் என்றால் காரணம் சொல்லவேண்டும், சொன்னால் களம் முழுக்கக் கேட்கும். வீட்டுக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு குடிப்பதற்கு வாயைத் திறந்தார்.

மறுபடி புண் வந்தாலும் சரி, என் மானம் போனாலும் சரி, அவருக்கு வெட்கம்தான் பெரிதாக இருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்றும் தணியவில்லை. ஓடிப்போய்க் கோப்பையைத் தட்டிவிட்டேன்.

"ஊத்தாதீங்கய்யா! இதக் குடிச்சாத்தான் இவருக்கு அங்க புண்ணு வருது. பெரியாஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க. நான் சீக்குக்காரி இல்ல!"

களமே அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் தலை குனிந்து நின்றார். அவருக்காக நான் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.